எதிர்காலத்துக்கு 'வில்' மட்டும் போதுமா? 'ஷுட்', 'மே', 'மைட்' எல்லாம் எங்கே வரும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பையரோடு (வாங்குபவரோடு) பேசிக் கவனித்துக்கொள்பவராக இருக்கிறீர்கள். எதிர்காலம் என்றால் 'வில்' போட வேண்டும், 'ஐ', 'வி' வந்தால் 'ஷால்' போட வேண்டும் என்று பள்ளியில் படித்தீர்கள். ஆனால் வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயில்களில் நாளைக்கு நடக்கப்போகிற விஷயத்துக்கே 'ஷுட்', 'மே', 'மைட்', 'குட்' என்று விதவிதமாக வருகிறது. இணையத்தில் கிடைத்த ஓர் அட்டவணை 'மஸ்ட்' என்றால் 100 சதவீதம், 'வில்' 95, 'ஷுட்' 80, 'மே' 50, 'மைட்' 30 என்கிறது. அதை நம்பி எழுதலாமா என்று கேட்கிறீர்கள். தங்கையின் பரீட்சைக்கு 'ஐ ஷால்' சரியா, 'ஐ வில்' சரியா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்.

இலக்கணக் கேள்வி போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். ஒரு விஷயம் நடக்கும் என்று எனக்கு எவ்வளவு உறுதி இருக்கிறதோ, அதே அளவு உறுதி பையருக்கும் போய்ச் சேர எந்தச் சொல்லைப் போடுவது? இதுதான் கேள்வி. கல்லூரியில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து, அப்புறம் பல வருடங்களாக அலுவலகங்களில் மெயில் எழுதப் பயிற்சி கொடுத்துவரும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன். எழுத்து ஆங்கிலம்தான் எனக்கு நெருக்கம். ஒப்பந்தச் சட்டம் என் துறை இல்லை. அந்த எல்லை வரும் இடத்தில் சொல்கிறேன்.

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்காலத்துக்கென்று தனி வடிவம் கிடையாது. 'வாக்', 'வாக்ட்' என்று இரண்டு காலம்தான் வினையின் உடம்பிலேயே தெரியும். நாளைக்கு நடப்பதைச் சொல்ல வெளியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்த வேண்டியிருக்கிறது. அப்படி நிறுத்தும் 'வில்' என்பதை எதிர்காலம் என்று அழைக்கலாமா என்பதில் இலக்கண அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பள்ளிப் புத்தகங்கள் அழைக்கின்றன. 2002-இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம், ஆங்கிலத்தில் எதிர்காலமே இல்லை, 'வில்' என்பது 'மே', 'மஸ்ட்' மாதிரி இன்னொரு மோடல் துணைவினை (வாய்ப்பு, கட்டாயம், அனுமதி போன்றவற்றைக் காட்ட வினைக்கு முன்னால் வரும் சொல்) மட்டுமே என்கிறது. எந்தப் பெயரை ஏற்றாலும் உங்கள் மெயில் மாறாது. ஆனால் இரண்டாவது பார்வை வேலைக்கு உதவும், ஏனென்றால் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுபவை என்பது அதில் தெளிவாகிறது. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவருக்கு இடமில்லை. அதனால்தான் 'வில் கேன்', 'வில் மஸ்ட்' என்று எழுத முடியாது. 'வில் பி ஏபிள் டு', 'வில் ஹாவ் டு' என்று சுற்றிப் போக வேண்டும். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் 'மைட் குட்' என்று இரட்டையாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் வட்டாரப் பேச்சு, அலுவலக மெயிலில் வேண்டாம்.

சரி, 'வில்' உண்மையில் என்ன செய்கிறது? காலத்தைக் காட்டுவதைவிட, பேசுகிறவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதைக் காட்டுகிறது. கதவு தட்டும் சத்தம் கேட்டு 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்று ஒருவர் சொன்னால், போஸ்ட்மேன் இப்போதே வாசலில் நிற்கிறார். எதிர்காலம் எங்கே இருக்கிறது? 'ஆயில் வில் ஃபுளோட் ஆன் வாட்டர்' என்பது என்றைக்கும் உண்மை. இது நமக்குப் புதிதே இல்லை. 'இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்' என்று நாம் சொல்வதும் முன்னது மாதிரி ஓர் ஊகம்தான். 'தீச் சுடும்', 'மலை நிற்கும்' என்று பழைய உரைகளில் வரும் எடுத்துக்காட்டுகள் எண்ணெய் மிதப்பதைப் போன்றவைதான். 'தாத்தா சாயங்காலமானால் திண்ணையில் உட்காருவார்' என்று பழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைத் தானே பயன்படுத்துகிறோம்? ஆங்கிலத்திலும் 'வில்' அந்த வேலையைச் செய்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு 'வில்' மேல் ஏற்கெனவே பாதிப் பிடி இருக்கிறது. பள்ளிச் சூத்திரம்தான் அதை மறைத்துவிடுகிறது.

எதிர்மறையில் ஒற்றுமை இன்னும் அழகாக இருக்கிறது. 'த பைக் வோன்ட் ஸ்டார்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாம் 'வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்கிறோம். வராது என்பதும், வர மறுக்கிறது என்பதும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்லில் கலந்து கிடக்கின்றன. ஆகவே பையருக்கு 'வி வோன்ட் ஷிப் ஆன் ஃபிரைடே' என்று எழுதும்போது கவனம் தேவை. முடியாது என்று நீங்கள் நினைத்து எழுதியது, அனுப்ப மாட்டோம் என்ற பிடிவாதமாகப் படிக்கப்படலாம். 'வி வில் நாட் பி ஏபிள் டு ஷிப்' என்று எழுதினால் அந்தச் சந்தேகம் வராது.

அந்தச் சதவீத அட்டவணைக்கு வருவோம். அதன் முதல் வரியே தவறு. நாளைக்கு நடக்கும் நிகழ்வை ஊகித்துச் சொல்ல 'மஸ்ட்' பொதுவாகப் பயன்படாது. 'ஹி மஸ்ட் பி அட் ஹோம் நவ்' என்றால் இப்போது வீட்டில்தான் இருக்க வேண்டும் என்ற உறுதியான ஊகம். அதையே நாளைக்குத் தள்ளி 'ஹி மஸ்ட் கம் டுமாரோ' என்றால் அது ஊகம் இல்லை, கட்டளை. 'த கண்டெய்னர் மஸ்ட் ரீச் தூத்துக்குடி டுமாரோ' என்று நீங்கள் எழுதினால், கட்டாயம் சேர்ந்துவிடும் என்று பையர் நிம்மதியாக மாட்டார். சேர்ந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் அவருக்கோ லாரிக்காரருக்கோ உத்தரவு போடுவதாகத்தான் படிப்பார்.

மற்ற எண்களுக்கும் அடிப்படை இல்லை. வரிசை ஓரளவு சரி. 'வில்' மேலே, 'ஷுட்' அதற்குக் கீழே, 'மே', 'மைட்', 'குட்' அதற்கும் கீழே. எண்களைத்தான் நம்ப முடியாது, ஏனென்றால் ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவில் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 1951-இல் அமெரிக்க உளவுத்துறை, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க 'சீரியஸ் பாசிபிலிட்டி' இருப்பதாக ஓர் அறிக்கை கொடுத்தது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட், அந்தச் சொல்லால் என்ன அளவை நினைத்தீர்கள் என்று தன்னோடு சேர்ந்து எழுதியவர்களையே கேட்டார். 20 சதவீதம் முதல் 80 சதவீதம் வரை பதில் வந்தது. கூடி உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை ஒப்புக்கொண்டவர்களுக்குள்ளேயே அவ்வளவு இடைவெளி. 1964-இல் இதைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதினார். தட்பவெப்ப மாற்றம் குறித்து ஐ.நா. சார்பில் அறிக்கை தரும் ஐபிசிசி, இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத் தன் அறிக்கைகளில் 'லைக்லி' என்றால் 66 சதவீதத்துக்கு மேல், 'வெரி லைக்லி' என்றால் 90-க்கு மேல் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. துல்லியம் வேண்டுமென்றால் சொல்லுக்குப் பக்கத்தில் விவரத்தையும் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 'இட் மே பி டிலேட்' என்று நிறுத்தாமல், சாயப்பட்டறையிலிருந்து துணி புதன்கிழமைக்குள் வந்தால் தாமதமில்லை, வராவிட்டால் மூன்று நாள் தள்ளும் என்று எழுதுங்கள். எந்த மோடலும் தர முடியாத தெளிவு அதில் கிடைக்கும்.

இனி 'ஷுட்'. பையர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 'த சாம்பிள்ஸ் ஷுட் ரீச் யூ பை ஃபிரைடே' என்றால், எல்லாம் திட்டப்படி நடந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும், எதிர்பாராத ஏதாவது நடந்தால் நான் பொறுப்பில்லை என்று பொருள். நாம் 'நாளைக்குள் பணம் வந்துடணும்' என்று சொல்வதில் இருக்கும் அதே எதிர்பார்ப்பு. ஆனால் நல்லதையோ, எதிர்பார்த்தபடி நடப்பதையோ சொல்லத்தான் இது வரும். 'த ஷிப்மென்ட் ஷுட் பி லேட்' என்று எழுதினால், தாமதமாக வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது போலத் தொனிக்கும். கெட்ட செய்திக்கு 'வில் ப்ராபப்ளி பி லேட்', 'இஸ் லைக்லி டு பி லேட்' என்று போங்கள். இன்னொரு சிக்கல், ஆள் எழுவாயாக வந்தால் 'ஷுட்' கடமையாகவும் படிக்கப்படும். 'யுவர் ஏஜென்ட் ஷுட் கால் அஸ் டுமாரோ' என்பது எதிர்பார்ப்பா, அவர் கூப்பிட வேண்டும் என்ற குறையா? மெயிலில் குரலின் தொனி கேட்காது. அந்த இடத்தில் 'வி எக்ஸ்பெக்ட்' என்று தொடங்குவது பத்திரமானது.

'மே', 'மைட்', 'குட்' மூன்றும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற நிலைக்கு. 'மைட்' சற்றுக் குறைந்த வாய்ப்பு என்று புத்தகங்கள் சொல்லும். என் அனுபவத்தில் பலர் அப்படி வேறுபடுத்துவதில்லை. ஒருவர் 'மைட்' போட்டுவிட்டார் என்பதற்காக வாய்ப்பு குறைந்துவிட்டதாக நீங்கள் கணக்குப் போட வேண்டாம். உண்மையான வித்தியாசம் எதிர்மறையில் வருகிறது, அங்கே கட்டாயம் கவனிக்க வேண்டும். 'த கூட்ஸ் மே நாட் பி ஷிப்ட் பிஃபோர் த டென்த்' என்றால் இரண்டு பொருள். பத்தாம் தேதிக்கு முன் அனுப்ப அனுமதி இல்லை என்பது ஒன்று. பத்தாம் தேதிக்கு முன் அனுப்ப முடியாமல் போகலாம் என்பது இன்னொன்று. பையர் எழுதினால் பெரும்பாலும் முதலாவது, தொழிற்சாலை எழுதினால் பெரும்பாலும் இரண்டாவது. நீங்கள் எழுதும்போது 'மைட் நாட்' போட்டுவிட்டால் ஊகம் மட்டும் நிற்கும். 'குட்' இன்னும் ஆபத்து. 'இட் குட் ரெயின்' என்றால் மழை வரலாம். 'இட் குட் நாட் ரெயின்' என்றால் வராமல் போகலாம் என்று ஆகாது, வர வாய்ப்பே இல்லை என்ற பக்கம் போய்விடும்.

'கேன்' விஷயத்தில் தமிழர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறோம், காரணம் நம் '-லாம்'. 'போகலாம்' என்பதில் அனுமதி இருக்கிறது, வாய்ப்பு இருக்கிறது, வா போவோம் என்ற அழைப்பும் இருக்கிறது. அனுமதிக்கு 'கேன்' பொருந்துவதால் எல்லா '-லாம்'களுக்கும் அதையே போட்டுவிடுகிறோம். 'நாளை மழை பெய்யலாம்' என்பதை 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்று எழுதுவது தவறு. குறிப்பிட்ட ஒரு நாளில் நடக்கக்கூடிய ஒரு நிகழ்வை ஊகிக்க 'கேன்' வராது. 'மே', 'மைட்', 'குட்' மூன்றில் ஒன்றுதான். பொதுவாக அப்படி நடப்பதுண்டு என்றால் வரும்: 'இட் கேன் பி வெரி ஹாட் இன் சென்னை'. உங்களால் முடியும் என்பதற்கும் வரும்: 'வி கேன் ஷிப் ஆன் மண்டே'. அங்கே அனுப்புவது திங்கட்கிழமையாக இருந்தாலும், முடியும் என்ற நிலை இப்போதே இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒரு சொல்லைப் பற்றி நான் கட்டாயம் சொல்ல வேண்டும், அது 'வுட்'. இந்திய அலுவலகங்களில் மரியாதை என்று நினைத்து 'வில்' வர வேண்டிய இடத்தில் எல்லாம் இதைப் போடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. 'த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே', 'வி வுட் பி சென்டிங் த லேப் டிப்ஸ் டுமாரோ' என்றெல்லாம் எழுதுகிறோம் (லேப் டிப்ஸ் என்பது நிறம் சரிபார்க்க அனுப்பும் சாயத் துணி மாதிரிகள்). நமக்குள் புரிந்துவிடுகிறது. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ படிப்பவருக்கு வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. அனுப்புவீர்கள், ஆனால் எது நடந்தால்? ஏதோ நிபந்தனை விடுபட்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். 'வுட்' வருவதற்கு இடங்கள் உண்டு. நேற்று ஒருவர் சொன்னதைத் திரும்பச் சொல்லும்போது வரும்: 'ஹி செட் ஹி வுட் கால்'. கற்பனையான நிலைக்கு வரும்: 'ஏர் ஃபிரைட் வுட் காஸ்ட் மோர்', அதாவது விமானத்தில் அனுப்பினால் செலவு கூடும். 'வி வுட் லைக்' என்று பணிவாகக் கேட்கும்போதும் வரும். உறுதியான திட்டத்துக்கு மட்டும் வேண்டாம். உங்கள் மெயில்களில் ஒரே ஒரு திருத்தம் செய்ய நேரமிருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

'இஃப்', 'வென்', 'ஆஸ் சூன் ஆஸ்' வரும் பகுதியில் 'வில்' போடாதீர்கள். 'வென் வி வில் கெட் த ஃபேப்ரிக்' தவறு, 'வென் வி கெட் த ஃபேப்ரிக்' போதும். இது நமக்குக் கஷ்டமாக இருக்கவே கூடாது. 'துணி வந்ததும் சொல்றேன்', 'மழை பெய்தால் தாமதமாகும்' என்று நாமும் அங்கே எதிர்காலம் போடுவதில்லை. 'இஃப் யூ வில் வெயிட் எ மொமென்ட்' என்று எங்காவது பார்த்தால் குழம்ப வேண்டாம். அங்கே 'வில்' சம்மதத்தைக் கேட்கிறது.

மோடல் அல்லாத இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முடிவு செய்ததற்கும், கண்ணெதிரே அறிகுறி தெரிவதற்கும் 'கோயிங் டு'. இரு தரப்பும் பேசி வைத்த ஏற்பாட்டுக்கு 'வி ஆர் மீட்டிங் ஆன் டியூஸ்டே' மாதிரியான நிகழ்கால வடிவம். 'நாளைக்கு வர்றேன்' என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? மீதி இடத்தில், அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு, வாக்குறுதி, ஊகம் ஆகியவற்றுக்கு 'வில்'. வாக்குறுதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'வி வில் ஷிப் ஆன் த ஃபிஃப்டீன்த்' என்று எழுதினால் பையர் அதை உங்கள் வாக்காகவே எடுத்துக்கொள்வார். இன்னும் துணி வராத நிலையில் 'வி எக்ஸ்பெக்ட் டு ஷிப்' என்று எழுதுவதுதான் நேர்மை. ஒரு மெயிலில் இருக்கும் சொல் சட்டப்படி உங்களைக் கட்டுமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது.

'ஷால்' கடைசியாக. 'ஐ', 'வி' வந்தால் 'ஷால்', மற்றவற்றுக்கு 'வில்', அழுத்திச் சொல்ல வேண்டுமானால் தலைகீழ் என்ற விதியை 1653-இல் லத்தீனில் எழுதிய தன் ஆங்கில இலக்கணத்தில் முன்வைத்தவர் ஜான் வாலிஸ். முடிவிலிக்கு நாம் போடும் குறியை அறிமுகப்படுத்திய கணித அறிஞர் அவர். பின்னால் வந்த பள்ளி இலக்கணங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தண்ணீரில் தத்தளித்த ஒருவன் 'ஐ வில் ட்ரவுன், நோபடி ஷால் சேவ் மி' என்று தவறுதலாக மாற்றிக் கத்தியதால் யாரும் காப்பாற்ற வரவில்லை என்று ஒரு கதையைக்கூட அந்தப் புத்தகங்கள் சொல்லும். இன்றைய பயன்பாட்டில் அந்த விதி பெரும்பாலும் போய்விட்டது. 'ஷால் ஐ சென்ட் த ஃபைல்?', 'ஷால் வி ஸ்டார்ட்?' என்று கேட்கும்போது 'ஷால்' இயல்பாக இருக்கிறது. அதைத் தவிர அது பெரிதும் சட்ட மொழிக்குள் ஒதுங்கிவிட்டது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு 'தேர் ஷால் பி எ பிரசிடென்ட் ஆஃப் இந்தியா' என்கிறது. இது ஜோசியம் இல்லை, குடியரசுத் தலைவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற கட்டளை. அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. 'ஷால்' கட்டாயமா, வெறும் வழிகாட்டுதலா என்பதை இந்திய நீதிமன்றங்கள் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதி 2007-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, இந்தக் குழப்பத்துக்காகவே 'ஷால்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மஸ்ட்' போன்ற சொற்களைப் போட்டார்கள். ஆகவே பையரின் மேனுவலில் 'த சப்ளையர் ஷால்' என்று வந்தால், பெரும்பாலும் அது எதிர்காலம் இல்லை, உங்கள் கடமை. அதே மேனுவலில் 'ஷுட்' வந்தால் பெரும்பாலும் பரிந்துரை, 'மே' வந்தால் உங்கள் விருப்பம். முன்பக்கத்தில் இந்தச் சொற்களுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், கொடுத்திருந்தால் அதுதான் செல்லும்.

தங்கையின் பரீட்சைக்கு: 'ஐ வில்' எந்த விதத்திலும் தவறில்லை. ஆனால் அவருடைய பாடப்புத்தகம் 'ஐ ஷால்' என்று சொல்லி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பும் அதையே சொல்லும். அங்கே 'ஷால்' எழுதி மதிப்பெண் வாங்கட்டும். கடிதம், கட்டுரை எழுதும் பகுதியில் 'வில்' எழுதட்டும்.